ஆள்வோரை ஆளும் சட்டம்



மதுரைப் பகுதியில் பிறந்து வளர்ந்த நமக்கு நீதியைப் பற்றிய முதற்பாடத்தைக் கற்பித்தவள் கண்ணகி. சிலப்பதிகாரம் கூறும் அக்கதையை நீங்கள் நன்கு அறிவீர்கள். சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்றான் ஒரு பொற்கொல்லன். அச்சொல்லை நம்பிய பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான்; கோவலன் வெட்டுண்டான். பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து தன் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். உடைந்த சிலம்பினின்று தெறித்ததோ மாணிக்கம். தவறுணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான். நகரம் தீக்கு இரையாயிற்று.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். இக்கதையைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு வினாவை எழுப்புவது என் வழக்கம். ‘அம்மன்னன் தன் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்பேன். பெரும்பாலும் வகுப்பு அமைதியாக இருக்கும். ஓர் ஆண்டு, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “அந்த அம்மாவையும் வெட்டியிருப்பான், ஐயா” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அரசியல் அறிவின் வாயிலில் அச்சிறுவன் வந்து நின்றுவிட்டான் என்பதை நான் உணர்ந்தேன்.

எண்ணிப் பாருங்கள். கண்ணகிக்கு நீதி கிடைத்தது மன்னனுடைய மனச்சான்றினால். அம்மனச்சான்று இல்லையேல் அவளுக்கு வேறு புகலிடம் இல்லை. மேல்முறையீடு செய்ய மன்றம் இல்லை. மன்னனைக் கட்டுப்படுத்தும் ஏடு இல்லை. குடிகள் கூடி அவனை மாற்றவும் வழியில்லை. நல்ல மன்னன் வாய்ப்பது ஒரு பேறு. ஆனால் பேற்றை நம்பி ஒரு நாட்டை நடத்தலாகாது. ஆள்பவர் நல்லவராயினும் அல்லவராயினும், அவர் இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என்று முன்கூட்டியே வரையறுத்து வைக்கும் விதி ஒன்று வேண்டும். அத்தகைய விதிக்கு அடங்கி நடக்கும் ஆட்சியையே அரசியலமைப்பு ஆட்சி என்கிறோம். ஏனைய சட்டங்கள் குடிகளை ஆள்கின்றன. அரசியலமைப்புச் சட்டமோ ஆள்வோரை ஆள்கிறது. இவ்வொரு வேறுபாட்டை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். மற்றவை எளிதில் விளங்கும்.

இவ்வெண்ணம் மேலைநாட்டிலிருந்தே நமக்கு வந்தது என்று சிலர் கருதுவர். அது முழு உண்மையன்று. பாண்டிய நாட்டிலேயே அதன் வித்து ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டுக் கிடக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கோயிலில் மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனின் 35-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது அது. ஊர்ச் சபையில் யார் அமரலாம், எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது விதிக்கிறது. ஊரில் பங்குடையோரின் மக்களுள் நல்லொழுக்கமும், குறித்த நூற்பயிற்சியும் உடையவரே சபையில் இடம்பெறலாம். விலைக்கு வாங்கியோ, கொடையாகவோ, சீதனமாகவோ பங்கு பெற்றவர்க்கும் தகுதி விதி உண்டு. கால் பங்கு, அரைப் பங்கு என்று துண்டு துண்டாகப் பேராளர் ஆக இயலாது.

அவ்விதிகளுள் ஒன்று என்னை எப்போதும் வியக்க வைப்பது. சபையில் முன்வைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவர், ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு! கூடிப் பேசுதல் என்பது வெறுங்கூச்சல் அன்று, அதற்கும் ஒரு முறை உண்டு என்பதை அந்தச் சிற்றூரார் அறிந்திருந்தனர்.

இதனினும் விரிவானது, காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் உள்ள கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அங்குள்ள இரு சாசனங்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வார்டு என்று கொள்ளலாம். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சபையார் அனைவரும் கூடியிருக்க, குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்டுவர். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வர். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிப்பர். விரல்களை மடக்கினால் வேறோர் ஓலையை மறைத்து வைக்கக்கூடும் அல்லவா? அந்த ஐயத்துக்கும் இடமில்லாமல் விதி செய்திருந்தனர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். அவர்கள் பொறுப்பு 360 நாள் அளவே. அதன்பின் பதவி தானே முடிந்துவிடும்.

யார் பெயரை ஓலையில் எழுதலாகாது என்பதையும் அச்சாசனம் கூறுகிறது. முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. மாணவர்களே, ‘கணக்குக் காட்டாதவர்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். பொதுப்பணத்தைக் கையாண்டவன் பொதுமக்கள் முன் கணக்கு வைக்கக் கடமைப்பட்டவன் என்னும் கொள்கை அதில் அடங்கியுள்ளது. இன்னொன்றும் உண்டு. 919-இல் செய்த விதியை இரண்டே ஆண்டுகளில், 921-இல், திருத்தியிருக்கிறார்கள். வயது வரம்பு 30 முதல் 60 என்றிருந்ததை 35 முதல் 70 என மாற்றினர். விதி மாறலாகாத ஒன்றன்று. ஆனால் அதை மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. சபை கூட வேண்டும். முடிவு செய்ய வேண்டும். எழுதி வைக்க வேண்டும்.

இப்பெருமையைச் சொல்லி நிறுத்திவிட்டால் நான் உங்களுக்கு அரை உண்மையே கூறியவன் ஆவேன். மானூரும் உத்தரமேரூரும் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்கள். குடத்தில் ஓலை இடப்பெற்றவர்கள் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே. அந்நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. ஏரியைத் தூர் வாரியவன் பெயர் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. விதி செம்மையானதுதான். ஆனால் அவ்விதி யாருக்காக என்னும் வினாவை அக்காலத்தவர் எழுப்பவில்லை. இக்குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் நாம் இதற்கே திரும்பி வருவோம்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே போராட்டம் வேறு வேறு வடிவில் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் 1215-ஆம் ஆண்டு ஜான் மன்னனைப் பிரபுக்கள் வளைத்துக்கொண்டு மகா சாசனத்தில் முத்திரை இடச் செய்தனர். நாட்டுச் சட்டத்தின்படியன்றிச் சுதந்திரமுடைய எவனையும் சிறையிடலாகாது என்பது அதன் உயிர்நிலையான விதி. அங்கும் ‘சுதந்திரமுடைய’ என்ற சொல்லுக்குள் பண்ணையாட்கள் அடங்கவில்லை. 1689-இல் பாராளுமன்றத்தின் இசைவின்றி மன்னன் வரி விதிக்கலாகாது என உரிமைச் சாசனம் வரையறுத்தது. 1748-இல் மாண்டெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞர், சட்டம் இயற்றுதல், அதனைச் செயற்படுத்துதல், அதன்படி நீதி வழங்குதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேரின் உரிமை அழியும் என எழுதினார். 1787-இல் அமெரிக்கர் இக்கருத்துகளைக் கொண்டு ஒரே ஏட்டில் தம் நாட்டின் அரசியலமைப்பை வகுத்தனர். அடிமைகளை அவ்வேடும் விடுவிக்கவில்லை.

அதிகாரத்தை ஏன் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மாண்டெஸ்கியூவைப் படித்திருக்க வேண்டியதில்லை; நம் கண்மாய்க் கரைக்குச் சென்றாலே போதும். நம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்றொருவர் இருப்பார். மடையைத் திறப்பதும், வயலுக்கு வயல் முறைப்படி நீர் விடுவதும் அவர் பணி. பல ஊர்களில் இப்பணியை அந்தக் கண்மாயின் கீழ் நிலம் இல்லாதவரிடமே ஒப்படைத்து வந்தார்கள். ஏன்? தனக்கு வயல் இருந்தால் முதல் தண்ணீர் தன் வயலுக்கே பாயும் என்பதை நம் முன்னோர் அறிவர். எவ்வளவு நீர் விடுவது என்று முடிவு செய்வது ஊர்க்கூட்டம், விடுபவர் நீர்பாய்ச்சி, வழக்கு வந்தால் கேட்பவர் ஊர்ப் பெரியவர்கள். வரப்போரத்தில் கண்ட இம்முறையே நாடளவில் சட்டமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம் என மூன்றாக நிற்கிறது.

இனி, நம் மாவட்டத்தின் வரலாற்றில் வேதனையான ஒரு பக்கத்தைப் புரட்டுவோம். ‘ஆங்கிலேயர் சட்டத்தின் ஆட்சியைக் கொண்டுவந்தனர்’ என்று நாங்கள் பள்ளியில் படித்தோம். நீதிமன்றம் வந்தது உண்மை. அச்சிட்ட சட்டநூல்கள் வந்தன என்பதும் உண்மை. ஆனால் சட்டம் இருப்பது வேறு. அரசியலமைப்பு இருப்பது வேறு. இதற்கு மதுரைச் சமவெளியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1871-ஆம் ஆண்டு ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என ஒன்றை இயற்றியது. 1911-இல் அது விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1914 முதல் மதுரைப் பகுதியின் பிறமலைக் கள்ளர் சமூகத்தார்மீது அது ஏவப்பட்டது. ஒருவன் குற்றம் செய்தானா என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குடியில் பிறந்தான் என்று மட்டுமே கேட்டது. ஆடவர்கள் தம் பெயரையும் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும். ஊரைவிட்டுச் செல்ல அனுமதி பெற வேண்டும். இரவில் காவலரின் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும். மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுத் தூண் அவ்வூரில் நிற்கிறது. வாய்ப்புக் கிடைப்பின் சென்று பாருங்கள்.

இச்சட்டம் முறைப்படி இயற்றப்பட்டது, அச்சிடப்பட்டது, அரசிதழில் அறிவிக்கப்பட்டது. எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஆனால் அச்சட்டத்துக்கு மேலே, ‘இத்தகைய சட்டத்தை நீ இயற்றலாகாது’ என்று சொல்லும் சட்டம் ஒன்று இல்லை. ரேகை வைக்குமாறு பணிக்கப்பட்டவனுக்கு அதை இயற்றியவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் இல்லை. கோவலனையாவது செய்யாத ஒரு குற்றத்துக்காகத் தண்டித்தனர். இவர்களையோ பிறந்த குற்றத்துக்காகவே தண்டித்தனர். தலைவர் பலரின் இடைவிடாத போராட்டத்துக்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1952-இல் நாடு முழுவதிலும் ஒழிந்தது.

இத்தகைய பின்னணியில்தான் 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் தில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. மாகாணச் சட்டசபைகளின் உறுப்பினர்களே அதற்குப் பேராளர்களைத் தேர்ந்தனுப்பினர். அச்சட்டசபைகளையோ சொத்தும் கல்வியும் உடைய ஒரு பகுதியினரே தேர்ந்தெடுத்திருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்களுள் நம் மதுரைப் பகுதியினரும் இருந்தனர். ஒருவர் வழக்கறிஞர் எல். கிருஷ்ணசாமி பாரதி. மற்றொருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்த பி. கக்கன்.

கக்கனைப் பற்றி ஒரு சொல். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்த சிறு குழுவில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் ராஜாஜியின் அரசு அந்நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. கோபுர வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், ஏழு ஆண்டுகள் கழித்து நாட்டின் தலையாய சட்டத்தை வகுக்கும் மன்றத்தில் அமர்ந்தார். உத்தரமேரூர்க் குடத்தில் இல்லாத பெயர் இப்போது ஓலையில் ஏறிவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த அடையாளம் எது?

டாக்டர் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆகிய தமிழகத்துச் சட்ட, ஆட்சி வல்லுநர்களும் பணியாற்றினர். 1949 நவம்பர் 26-ஆம் நாள் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு, 1950 சனவரி 26-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 395 விதிகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அந்நூலில், இதுவரை நாம் கண்ட துயரங்களுக்கெல்லாம் விடை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். 13-ஆம் விதி, அடிப்படை உரிமைகளுக்கு முரணான எந்தச் சட்டமும் செல்லாது என்கிறது. 14-ஆம் விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 17-ஆம் விதி தீண்டாமையை ஒழிக்கிறது. 21-ஆம் விதி, சட்டம் வகுத்த நடைமுறையின்படியன்றி ஒருவரின் உயிரையும் உரிமையையும் பறிக்கலாகாது என்கிறது. அந்நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. கைரேகைச் சட்டத்துக்கும் ஒரு நடைமுறை இருந்தது என்பதை நினைத்தால், இத்தெளிவுரையின் அருமை விளங்கும். 32-ஆம் விதி, இவ்வுரிமைகள் பறிபோனால் எந்தக் குடிமகனும் நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்கிறது. கண்ணகிக்கு மன்னனின் மனச்சான்று ஒன்றே இருந்தது. உங்களுக்கு இக்கதவு இருக்கிறது.

இவை அனைத்துக்கும் மேலாக 326-ஆம் விதி, வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை அளித்தது. சிலருடைய வாக்கினால் அமைந்த ஒரு சபை, அனைவருக்கும் வாக்கு என விதித்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளராகப் பதிவாயினர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அப்போது 21 ஆக இருந்த வாக்களிக்கும் வயது 1989-இல் 18 ஆயிற்று.

அந்தச் சபையில் நடந்த ஒரு விவாதம் நம் ஊர்களோடு நெருங்கிய தொடர்புடையது. வரைவுச் சட்டத்தில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமில்லையே எனப் பலர் குறைபட்டனர். அம்பேத்கரோ, 1948 நவம்பர் 4-ஆம் நாள் ஆற்றிய உரையில், கிராமத்தைப் புகழ்ந்து பேசுவோரைக் கடுமையாக மறுத்தார். குறுகிய நோக்கும் சாதிப் பிரிவினையும் குடிகொண்ட இடம் அது என்றார். ஆதலின் கிராமத்தை அன்று, தனிமனிதனையே அடிப்படை அலகாகக் கொண்டதற்கு மகிழ்வதாகவும் கூறினார். அதே மாதம் 22-ஆம் நாள், தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றார். அதுவே 40-ஆம் விதி. மேற்பார்வைக்கு இவ்விரு கருத்துகளும் முரண்பட்டவை போலத் தோன்றும். ஆனால் இரண்டும் தேவையானவையே என்பதை, அரை நூற்றாண்டு கழித்து நம் மதுரை மாவட்டமே மெய்ப்பித்தது.

1992-இல் பாராளுமன்றம் நிறைவேற்றி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தம், பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பின் தகுதியைத் தந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தனித் தேர்தல் ஆணையம், பட்டியல் இனத்தவர்க்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு ஆகியவற்றை அது கட்டாயமாக்கிற்று. சந்தானம் விரும்பிய பஞ்சாயத்தும், அம்பேத்கர் வேண்டிய பாதுகாப்பும் ஒரே திருத்தத்தில் சேர்ந்தன எனலாம். அதன்படி 1996-இல் தமிழகத்தில் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது.

மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கப்பட்டது. அங்கு எழுந்த எதிர்ப்பால் தேர்தல் தடைப்பட்டது, வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. மீண்டும் நடந்த தேர்தலில் முருகேசன் என்பவர் தலைவரானார். 1997-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த அவரும் உடனிருந்த ஐவரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அரசியலமைப்புக் கொடுத்த நாற்காலியில் அமர்ந்ததே அவர் செய்த குற்றம். கக்கன் பிறந்த தும்பைப்பட்டியும் அதே மேலூர் வட்டத்தில்தான் இருக்கிறது. பின்னர் வழக்கு நடந்தது. 2001-இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் அறுவரின் உயிர் போயிற்று.

உசிலம்பட்டிப் பகுதியிலும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் இதே காரணத்தால் பத்தாண்டுகள் நிலையான தலைவர் இல்லை. வேட்புமனு வராது, வந்து வென்றாலும் பதவியேற்றவுடன் விலகல் கடிதம் வந்துவிடும். சட்டம் ஏட்டில் இருந்தது, ஊரில் இல்லை. கைரேகைச் சட்டத்தின் கொடுமையை நேரில் கண்ட அதே சமவெளியில் இது நிகழ்ந்தது என்பதே என் மனத்தை மிகவும் வாட்டியது. பிறப்பைக் காட்டித் தண்டிப்பது அநீதி என்றால், பிறப்பைக் காட்டி உரிமையை மறுப்பதும் அநீதியே அல்லவா? இறுதியில் அதிகாரிகளும் அரசியல் கட்சியினரும் ஊர்ப் பெரியவர்களும் பலமுறை கூடிப் பேசினர். 2006 அக்டோபரில் அவ்வூராட்சிகளில் தேர்தல் நடந்தது; தலைவர்கள் பொறுப்பேற்றுப் பணியாற்றினர். ஒன்றை இங்குக் கூறுதல் வேண்டும். அம்மாற்றம் துப்பாக்கியால் வந்ததன்று. அண்டை வீட்டாரோடு அமர்ந்து பேசியதால் வந்தது.

அதே 2006 தேர்தலில், வேறொரு சிற்றூரில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நான் பணியாற்றினேன். அவ்வூரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நண்பகலில் முதிய அம்மையார் ஒருவர் வந்தார். வயல் வேலையிலிருந்து நேரே வந்தவர் என்பதைக் காலில் காய்ந்திருந்த சேறு சொல்லிற்று. சீட்டுகளையும் முத்திரையையும் வாங்கியவர், நகராமல் என் மேசையருகே நின்றார். தணிந்த குரலில், “ஐயா, நான் யாருக்குக் குத்துனேன்னு இந்தச் சீட்டு யாருகிட்டயும் சொல்லிராதுல்ல?” என்று கேட்டார்.

“சொல்லாதும்மா. எனக்கே தெரியாது. மடிச்சுப் பெட்டியில போட்டுருங்க, அதோட அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்” என்றேன்.

அவர் மறைப்புக்குப் பின் சென்று நெடுநேரம் நின்றார். வெளியே வந்து, சீட்டுகளைப் பெட்டியில் இட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். வேறொன்றும் பேசாமல் வெயிலில் நடந்து போய்விட்டார்.

அன்று மாலை பெட்டியை அரக்கிட்டு மூடும்போது உத்தரமேரூர்க் குடம் என் நினைவுக்கு வந்தது. எவரும் ஓலையை ஒளிக்கலாகாது என்று விரல்களை விரிக்கச் செய்தனர் அன்று. எவரும் ஏழையை அச்சுறுத்தலாகாது என்று வாக்கை மறைத்து இடச் செய்தோம் இன்று. ஒன்று திறந்து காட்டுவது, மற்றொன்று மூடிக் காப்பது. ஆயினும் நோக்கம் ஒன்றே. வலியவனின் கை, முடிவின்மீது படாதிருக்க வேண்டும். ஆனால் அன்றைய குடத்துக்கும் இன்றைய பெட்டிக்கும் இடையே ஆயிரமாண்டு நடந்து வந்தவர் அந்த அம்மையார். அவர் பெயர் அந்தக் குடத்தில் இருந்ததில்லை. இந்தப் பெட்டியிலோ அவருடைய சீட்டும் ஊர்ப் பெருநிலக்காரரின் சீட்டும் ஒரே எடை உடையவை.

மாணவர்களே, அரசியலமைப்பின் அடிப்படைகளைத் தொகுத்துக் கூறுகிறேன். ஆள்வோர் எழுதிய விதிக்கு அடங்க வேண்டும். அதிகாரம் ஒரே கையில் குவியலாகாது. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். பதவிக்குக் கால வரம்பு வேண்டும். விசாரணையின்றித் தண்டனை கூடாது. பிறப்பைக் கொண்டு தண்டனையோ தடையோ கூடவே கூடாது. விதியைத் திருத்தவும் ஒரு முறை வேண்டும். இவ்வனைத்துக்கும் ஊற்றாக இருப்பது மக்கள் அனைவரின் சம வாக்கு.

இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இவை உங்கள் ஊரில் வாழ்கின்றனவா என்பதை அறிய வேறொரு தேர்வு உண்டு. உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும் நாளில் சென்று பாருங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறார்களா என்று கேளுங்கள். தலைவரின் நாற்காலியில் தலைவரே அமர்ந்திருக்கிறாரா, அன்றி அவர் பெயரால் வேறொருவர் அமர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். சேற்றுக்காலுடன் வந்த ஒருவர் பேச எழும்போது கூட்டம் அமைதி காக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குறை கண்டால் மரியாதையோடு எழுந்து கேளுங்கள். ‘அன்று, அன்று’ என்று வீணே மறுப்பவர்க்கு மானூரில் ஐந்து காசு தண்டம் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேளாமல் வாய்மூடி இருப்பவர்க்கோ எந்தக் கல்வெட்டிலும் தண்டம் இல்லை. அத்தண்டத்தை ஊர் முழுதும் சேர்ந்து கட்ட நேர்கிறது.